மனைவியைக் கேட்டுக் கொடுத்த துவக்கு

பள்ளிக்கூடம் அதிகம் போகாமலே இந்த வெளிநாட்டுக்கு வந்து மனுகாவில் இரண்டு கடை போட்டவன் நான். அன்று கார் பழுது என்பதால் ரயிலில் வந்தேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஏறிய இருவர் எதிரே அமர்ந்தார்கள்.

"அமெரிக்காவுல கறுப்பங்க கையில துப்பாக்கி இருக்கக் கூடாதுன்னே ஒரு காலத்துல சட்டம் போட்டாங்கண்ணே," என்றார் மதுரைப் பேச்சுக்காரர்.

"பண்ணையில முயல் சுடுற வேலைக்கு லைசென்ஸ் கேக்கேக்க, இஞ்சயும் தோலைப் பாப்பினமெண்டுதான் பயந்தனான்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பார்த்தாங்களா?"

"இல்லை. பொலிஸ்காரர் வீட்டை வந்து, வாசல்ல சப்பாத்தைக் கழட்டினார். என்னை வெளியில விட்டிட்டு, 'இவரிட்டத் துவக்கு இருந்தா உங்களுக்குப் பயமோ?' எண்டு மனிசியைக் கேட்டார்."

"அண்ணி மாட்டி விட்டாங்களா?"

"பயமில்லை எண்டிட்டாள். லைசென்ஸும் வந்திட்டுது. அந்தப் பொலிஸ்காரர் நல்லா இருக்கோணுமெண்டு இப்பவும் கும்பிடுறாள். ஊரில துவக்கோட வீட்டுக்கு வந்தவங்கள் ஒருத்தரும் அவளிட்ட, பயமோ எண்டு கேட்டதில்லையாம்."