கரை எந்தக் கைப் பக்கம்

ஜோதிகா: ...நிறுத்துயா. அந்தத் திருக்கை மீனு கதைய அங்கயே நிறுத்து. வலி வருது.

வெற்றி: மூச்ச வுடு ஜோ. பிரசவ வகுப்புல சொல்லிக் குடுத்தாங்கல்ல, மூக்குல இழு, வாயில வுடு.

ஜோதிகா: வுட்டுகினு... தான்... கீறேன்.

வெற்றி: மெதுவா. சூடான கொழம்ப ஊதுற மாதிரி.

ஜோதிகா: ...

வெற்றி: ஜோ? ஏமே, லைன்ல கீறியா?

ஜோதிகா: கீறேன். போயிடுச்சு. இந்தத் தபா கொஞ்சம் ஜாஸ்தி. நீ எங்க கீற இப்ப?

வெற்றி: கடல்லதான்.

ஜோதிகா: கடல் இன்னா நம்ம தெருவா? எந்த எடம்?

வெற்றி: காட்டுப்பள்ளி தாண்டிட்டேன். எண்ணூரு வரப்போவுது. காசிமேட்டுல போட்ட வுட்டதும் ஒரே ஓட்டம், ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிப்பேன்.

ஜோதிகா: காலைலயும் காட்டுப்பள்ளி தாண்டிட்டேன்னுதான் சொன்ன.

வெற்றி: அப்ப தாண்டினது பாதி.

ஜெரினா: யாரும்மா போன்ல? இன்னும் உன் வூட்டுக்காரருதானா?

ஜோதிகா: ஆமா சிஸ்டர். போட்டுல வந்துகினு கீறாரு.

ஜெரினா: ஓ... போட்டுல. சரி, சரி. கால மடக்கு, பாக்கறேன். ம்... இன்னும் கொஞ்ச நேரம் ஆவும். ஆனா வந்தா சட்டுனு வந்துடும். கூட ஒருத்தர் நிக்கலாம்மா. உங்கம்மா கீழ கேன்டீனாண்ட ஒக்காந்திருக்காங்களே, வரச் சொல்லவா?

ஜோதிகா: வேணாம் சிஸ்டர். எங்கம்மா வந்தா எனக்கு முன்னாடி அது கத்தும். அப்புறம் அதுக்கும் ஒரு பெட்டு போடணும். அவருதான் நிக்கிறேன்னு சொல்லிகீறாரு.

ஜெரினா: உன் இஷ்டம். அந்தப் பக்கம் ஒரு கேஸப் பாத்துட்டு வரேன்.

ஜோதிகா: கேட்டியாயா? ஒரு ஆளுக்குத்தான் எடம். அத உனக்குன்னு புடிச்சி வெச்சிகினு கீறேன். தேதி இன்னும் கெடக்குன்னு நேத்து வலையத் தூக்கிகினு போன. புள்ளைக்கு இன்னா, தேதி படிக்கத் தெரியுமா?

வெற்றி: வரேன் மே. அந்தத் திருக்கைதான் பேஜாரு பண்ணிடுச்சு. நங்கூரத்த முழுங்கிட்டு போட்டோட சேத்து இழுத்துகினு போவுது. நாங்க இஞ்சின ஆப் பண்ணிட்டு குந்திகினோம். கூட வந்த ரஞ்சித்து, டீசல் மிச்சம்னு சிரிக்கிறான்.

ஜோதிகா: எம்மாம் பெரிய திருக்கை?

வெற்றி: நம்ம ரேஷன் கடை கீது இல்ல?

ஜோதிகா: கீது.

வெற்றி: பாமாயில் போடற அன்னிக்கு, கியூவோட சேத்து.

ஜோதிகா: ம். சாப்டியா?

வெற்றி: ஆச்சு. துறைமுகத்துக்கு வந்த வெளிநாட்டுக் கப்பல் ஒண்ணு. கேப்டன் மேல இருந்து எட்டிப் பாத்தான். இன்னாப்பா, மூஞ்சி வாடி கீதுன்னான். பொண்டாட்டிக்கு வலின்னேன். உடனே கயித்துல கட்டி டீ எறக்கினான். கூடவே ஒரு பன்னு.

ஜோதிகா: எந்த ஊரு கப்பலு?

வெற்றி: நார்வே.

ஜோதிகா: நார்வேகாரன் தமிழ்ல கேட்டானா?

வெற்றி: மூஞ்சியிலயே கேட்டான். புள்ளைங்களப் பெத்தவன் போல.

ஜோதிகா: டீ சூடா இருந்துச்சா?

வெற்றி: நல்ல சூடு. இஞ்சி தட்டிப் போட்டிருந்தான்.

ஜோதிகா: பன்னுல வெண்ணெயா, ஜாமா?

வெற்றி: ஜாம்.

ஜோதிகா: நல்ல கப்பலு.

வெற்றி: போவும்போது ஹாரன் அடிச்சிட்டுப் போனான். புள்ள பொறந்தா சொல்லியனுப்புன்னு.

ஜோதிகா: அய்யோ... வருதுயா... பேசு. எதுனா பேசிகினே இரு.

வெற்றி: திருக்கையா... திருக்கை வடக்கால இழுக்குது. ரஞ்சித்து அதுங்கிட்ட பேசிப் பாக்கறான். இந்தாம்மா, இவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கீது, நீயும் ஒரு பொம்பள, கொஞ்சம் யோசின்னு...

ஜோதிகா: ம்மா... அம்மா... ஸ்ஸ்...

வெற்றி: ...

ஜோதிகா: பேசுன்னேன்ல.

வெற்றி: ...யோசிச்சிகினு கீது. திருக்கை.

ஜோதிகா: நீ அழுவுறியா?

வெற்றி: இல்ல மே. உப்புக் காத்து. கண்ணு கரிக்குது.

ஜோதிகா: பின்னாடி இன்னா சத்தம் அது? கடகடன்னு?

வெற்றி: இஞ்சினு.

ஜோதிகா: தண்ணி மோட்டாரு மாதிரி கீது.

வெற்றி: பழைய இஞ்சினு. வயசாச்சுன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருமும்.

ஜோதிகா: யோவ், வகுப்புல தலகாணிய என் இடுப்புன்னு வெச்சி தடவச் சொன்னாங்களே, ஞாபகம் கீதா?

வெற்றி: நல்லா தடவினேனே. டீச்சரே பாராட்னாங்க.

ஜோதிகா: தலகாணி வேர்வையில நனைஞ்சி பூடுச்சு. அப்புறம் பிரசவம் எப்டி நடக்கும்னு வீடியோ போட்டாங்க. ஒரு போன் வருதுன்னு வெளிய போன.

வெற்றி: முக்கியமான போனு.

ஜோதிகா: போன என் கையில குடுத்துட்டுப் போன. சரி வுடு. கரை தெரியுதா?

வெற்றி: ஜம்முனு தெரியுது. எண்ணூரு கரண்டு கம்பெனி புகைபோக்கி, அதாண்ட ரெண்டு கொக்கு, எல்லாம் தெரியுது.

ஜோதிகா: எந்தக் கைப் பக்கம்?

வெற்றி: இன்னாது?

ஜோதிகா: நீ போட்டு ஓட்டிகினு கீற. கரை உனக்கு எந்தக் கைப் பக்கம் கீது?

வெற்றி: ...பீச்சாங்கை பக்கம்.

ஜோதிகா: நான் யாரு பொண்ணுயா?

வெற்றி: போட்டுக்காரர் சின்னப்பையன் பொண்ணு.

ஜோதிகா: காட்டுப்பள்ளில இருந்து தெக்கால வரவனுக்கு கரை சோத்தாங்கை பக்கம். பீச்சாங்கை பக்கம் கரை வந்தா, நீ நெல்லூருக்குப் போற.

வெற்றி: ...ரிவர்ஸ்ல வரேன்.

ஜோதிகா: இன்னாது?

வெற்றி: திருக்கை இழுத்த இழுப்புல முன்கியரு பூடுச்சு. பின்கியரு ஒண்ணுதான் வேலை செய்யுது. வடக்கப் பாத்து குந்திகினு தெக்க வந்துகினு கீறேன். ரஞ்சித்து பின்னாடி நின்னுகினு, மணலி டேங்கர் லாரிக்குக் கை காட்றாப்பல, வரலாம் வரலாம்னு காட்றான்.

ஜோதிகா: சிரிக்க வெக்காதயா... வலிக்குது... பாவி...

ஜெரினா: சிரிக்கிறியா கத்துறியா, ஒண்ணும் புரியலையே. நகரு. ...தலை தெரியுது ஜோதிகா. இனிமே எங்கயும் நிக்காது. கூட யாரு வரப் போறா, இப்ப சொல்லு. இல்லன்னா உங்கம்மாவக் கூப்புடுறேன்.

ஜோதிகா: அவருதான் சிஸ்டர்.

ஜெரினா: போட்டுல கீறாருன்ன?

ஜோதிகா: கரை தட்டிடுச்சு சிஸ்டர். யோவ், கேக்குதா? எழுந்திரு.

வெற்றி: எங்கருந்து?

ஜோதிகா: படிக்கட்டுல இருந்து.

வெற்றி: எந்தப் படிக்கட்டு? போட்டுல ஏது...

ஜோதிகா: பீச்சாங்கை பக்கம் கரை காட்றவன் கடல்லயா கீறான்? உன் இஞ்சினு சத்தம் எனக்குப் போன்லயும் வருது, ஜன்னல் வழியாவும் வருது. இந்த ஆஸ்பத்திரி மோட்டாரு அந்தப் படிக்கட்டுக்குக் கீழதான் கீது. எழுந்து வா.

வெற்றி: ...கால் வர மாட்டேங்குது ஜோ.

ஜோதிகா: தெரியும்.

வெற்றி: நான் வந்து நின்னப்ப உள்ள யாரோ ஒரு பொம்பள கத்தினாங்க. நீன்னு நெனச்சிட்டேன். அப்ப மடங்கின காலு. கடல்ல பேய்க்காத்து அடிச்சாக்கூட எந்தக் கயித்தப் புடிக்கணும், எத அவுத்து வுடணும்னு எனக்குத் தெரியும். உனக்கு வலிக்குது, நான் எதப் புடிக்கறது?

ஜோதிகா: என் கைய.

வெற்றி: அது போதுமா?

ஜோதிகா: போதுமா இல்லையான்னு நான் சொல்றேன். வாயா... தனியா முடியல... பயமா கீது எனக்கு.

வெற்றி: வெச்சிடு. வரேன்.

ஜெரினா: வாங்க நார்வே... வாங்க. செருப்ப அங்கயே வுடுங்க. இந்த கவுன மாட்டுங்க, முன்னால கட்டக் கூடாது, பின்னால. கைய முழங்கை வரைக்கும் கழுவுங்க. நண்டு வாசம் போறவரைக்கும் கழுவினா நாளைக்குத்தான் உள்ள வருவீங்க, போதும். தலைமாட்டுல நில்லுங்க. கீழ பாக்க வேணாம், அவங்க மூஞ்சியப் பாருங்க. மயக்கம் வந்தா சுவரு பக்கமா சாயுங்க, என் பக்கம் வேணாம்.

வெற்றி: ஜோ.

ஜோதிகா: வந்துட்டியா.

வெற்றி: வந்துட்டேன் மே. கைய குடு.

ஜோதிகா: நடுங்குது உனக்கு.

வெற்றி: போட்டுல வந்தேன்ல. ஆட்டம் இன்னும் வுடல.

ஜெரினா: வலி வருது. முக்கும்மா, நல்லா.

ஜோதிகா: திருக்கை... இன்னாச்சு...

வெற்றி: இன்னும் இழுத்துகினு கீது ஜோ. நீயும் இழு.

ஜோதிகா: நான்... தள்ளணும்யா... இழுக்கக் கூடாது...

வெற்றி: சரி, தள்ளு. அது இழுக்கட்டும், நீ தள்ளு. அப்டித்தான். அங்க பாரு, ரஞ்சித்து கை காட்றான், வரலாம், வரலாம்...

ஜெரினா: யாருங்க ரஞ்சித்து? பரவால்ல, நிறுத்தாதீங்க. இன்னொரு தபா ஜோதிகா.

வெற்றி: என் வெரலு ஒடையுது மே.

ஜோதிகா: ஒடையட்டும்...

வெற்றி: ஒடையட்டும். இன்னொண்ணு கீது, அதையும் புடிச்சிக்கோ. வரலாம்... வரலாம்... இன்னும் கொஞ்சம்...

ஜெரினா: அவ்ளோதான், அவ்ளோதான். பொண்ணு. அழுவுற சத்தத்தப் பாத்தீங்களா, வார்டே எழுந்துடுச்சு. இன்னாங்க, காலைலேர்ந்து பேசின வாய் மூடிக்கிச்சு?

ஜோதிகா: வுடுங்க சிஸ்டர். உப்புக் காத்து.

ஜெரினா: இந்தாம்மா, நெஞ்சு மேல வெச்சிக்கோ. நீங்க குந்துங்க, விழுந்துடப் போறீங்க.

வெற்றி: ஜோ... மூக்கு உன் மூக்கு.

ஜோதிகா: வாயி உன் வாயி. கேட்டல்ல.

வெற்றி: வலிச்சுதா ரொம்ப?

ஜோதிகா: ரேஷன் கடைய கியூவோட பெத்தாப்பல கீது.

வெற்றி: நான் கோழைதான மே.

ஜோதிகா: கோழை உள்ள வந்திருக்க மாட்டான். தள்ளி குந்தாத, கிட்ட வா.

வெற்றி: அந்தக் கைப் பக்கம்தான் மாட்டிகினேன். சோத்தாங்கைன்னு சொல்லியிருந்தா நீ கண்டுபுடிச்சிருக்கவே மாட்ட.

ஜோதிகா: ஆமாமா.

வெற்றி: எதுக்கு சிரிக்கிற? சிஸ்டர், நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

ஜெரினா: நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்பா. அவங்ககிட்டயே கேளுங்க.

ஜோதிகா: யோவ், காலைல நீ கதவாண்ட வந்து நின்னப்பவே நண்டு வாசம் உள்ள வந்துடுச்சு.

வெற்றி: காலைலயேவா? அப்ப ஏன் மே கூப்புடல?

ஜோதிகா: கூப்ட்டிருந்தா அப்பவே மயங்கி விழுந்திருப்ப. அப்புறம் எனக்கு யாரு திருக்கை ஓட்டுவா?

வெற்றி: அப்ப படிக்கட்டாண்ட வார்டு ஆயாம்மா கொண்டாந்து குடுத்த டீ...

ஜோதிகா: வெண்ணெ பன்னு வாங்கவான்னு கேட்டாங்க. அவருக்கு வெண்ணெ ஆவாது, ஜாம் வாங்குங்க, டீயில இஞ்சி தட்டிப் போடச் சொல்லுங்கன்னேன். உன் நார்வே கப்பல அனுப்பிச்சதே நான்தான்யா.