ரிஸிகி வீட்டுப் பாசி

கடல்நீர் சுமப்பது பெரிய பாடொன்றும் இல்லை. கேனை முக்கால்வாசி நிரப்பி, தலையில் சும்மாடு கூட்டி வைத்துக்கொண்டால் ததும்பாமல் வீடு வந்து சேரும். லிகோனி கரையிலிருந்து ரிஸிகியின் வீடு கூப்பிடு தூரம்தான். அதற்கு அடுத்த வீடு என்னுடையது. நானும் அவளும் ஒரே வயதுக்காரிகள், சேர்ந்து வளர்ந்தவர்கள்.

கேட்டீர்கள், சொல்கிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

அவள் புருஷன் அத்மான், கடலில் முங்கி அழகு மீன் பிடித்து விற்கிறவன். வீட்டு முன்னறையில் தானே ஒரு கண்ணாடித் தொட்டி கட்டி, கடல்நீர் ஊற்றி, ஒரு ஜோடி கோமாளி மீனை விட்டிருந்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். மதில் ஓரம் நின்று என்னிடம் அந்தத் தொட்டியைப் பற்றி எவ்வளவோ பேசுவான். கடல் ஏறி வரும்போது தண்ணீர் மொள்ள வேண்டும், மீன் அறுத்துக் கழுவுகிற துறையில் மொண்டால் பாசி கண்டபடி மண்டும் என்பதெல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரிஸிகி இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்கமாட்டாள். எங்கள் பேச்சில் வேறு எதுவும் இருந்ததில்லை. ஆனால் ஒரு மனிதன் தனக்குப் பிடித்ததை யாரிடம் போய்ச் சொல்கிறான் என்பதில் ஏதோ இருக்கிறதுதானே.

ஒரு நாள் முங்கியவன் மேலே வரவில்லை.

ரிஸிகி வெள்ளை உடுத்தி, புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தா இருந்தாள். வாசலைத் தாண்டக்கூடாது. ஊரே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. வந்தவர்களுக்கு மஹம்ரிப் பணியாரம் பொரித்து, தேநீர் ஊற்றி, கோப்பை கழுவியது நான். என்னை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அத்மானின் அம்மா மட்டும் ஒரு தடவை அடுப்படியில் எட்டிப் பார்த்தார்.

"என்னடி சௌமு, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? புகையா? சன்னலத் தெறந்து வைக்கிறதுக்கென்ன, சோம்பேறி."

"புகைதான் மாமி," என்றேன்.

துக்கத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தால் போதும் என்றிருந்தது. இதைப் பொறாமை என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் சொல்லமாட்டேன்.

பொழுதன்றைக்கும் ரிஸிகி தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். "அவரு கை பட்ட உசுரு இது ரெண்டுதான்டி மிச்சம். இதுங்க நீந்துற வரைக்கும் நானும் சோறு திம்பேன்," என்பாள். தொட்டிக்குப் புதுத் தண்ணீர் வேண்டும். அவளோ கடலுக்குப் போக முடியாது. என்னைக் கேட்டாள்.

மீன் கழுவுகிற துறையில் மொண்டு வந்தேன். அதுவும் கடல்நீர்தான்.

கொஞ்ச நாளில் கண்ணாடியில் பச்சை படர்ந்தது. பிறகு கல்லிலெல்லாம் மயிர் முளைத்த மாதிரி பாசி. அப்புறம் மீனே தெரியவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"என் கை ராசியில்லாத கை, சௌமு."

"சும்மா கெட. கை ராசியில பாசி வளருமா? வெளிச்சம் பட்டுத்தான் வளருது. துணியச் சுத்தி சில நாள் இருட்டுல போட்டா செத்துப்போயிரும்."

"யாரு சொன்னா?"

"உன் வீட்டுக்காரருதான்."

அவள் கை கண்ணாடி மேலேயே நின்றுவிட்டது. "என்கிட்டச் சொன்னதில்லையே."

அந்த முகத்தைப் பார்த்தபோது, கோப்பை கழுவிய களைப்பெல்லாம் எனக்குத் தீர்ந்தது.

நான் சொன்னது பொய்யில்லை. அத்மான் சொன்ன வைத்தியம்தான். இத்தாவில் உடுத்த முடியாமல் பெட்டியில் கிடந்த அவளுடைய வண்ண லேசோத் துணிகளை எடுத்து, தொட்டியைச் சுற்றிக் கட்டினோம். சிவப்பும் மஞ்சளுமாக மணப்பெண் போலிருந்தது. புருஷன் போன பிறகு ரிஸிகி அன்றுதான் சிரித்தாள். "பாத்தியாடி, என் துணிய உடுத்திக்கிட்டு எப்படி மினுக்குது."

அத்மான் இன்னொன்றும் சொல்லியிருந்தான். பாசி சாகும்போது தண்ணீரின் மூச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். தொட்டிக்குள் காற்று ஊதுகிற மோட்டார் மட்டும் நிற்கவே கூடாது. மின்செருகி தொட்டிக்குப் பின்னால் இருந்தது. கடைசி முடிச்சைப் போடுகிற சாக்கில் கையை விட்டுப் பிடுங்கினேன்.

"மோட்டார் சத்தத்தையே காணோம்?"

"இத்தன துணியச் சுத்துனா எப்படிடி கேக்கும்?"

"அதானே," என்றாள். என் பேச்சை அவள் எப்போதும் நம்புவாள்.

அப்புறமும் ஓரிரு தடவை துணியின்மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துவரை உரித்தேன். நாற்றம் வந்தபோது, பாசி சாகிற நாற்றம் என்றேன்.

துணியை அவிழ்த்ததும் நான்தான். பாசி உதிர்ந்துபோயிருந்தது. இரண்டு மீனும் கல்லிடுக்கில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. ரிஸிகி சுவரோரம் போய்ப் படுத்தாள். அன்றிலிருந்து கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன், தொண்டையில் இறங்குவதில்லை. மாமி கையை விரித்துவிட்டார்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்புதான் தட்டுப்பட்டது.

"தண்ணி சொமந்த, இப்ப கஞ்சி ஊட்டுற. என் துக்கத்துல பாதிய நீதானேடி சொமக்குற," என்றாள்.

பாதி என்றாள். இத்தனைக்குப் பிறகும் பாதிதான். மீதியை விட மனமில்லாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள்.