ராணிக்குத் துணை மரம்

– ஏன்டா அஸ்லாக், வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு டிரம்பெட்டைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா ஆச்சா? என் பிளம்ஸ் மரத்துக்கு என்ன பதில்?

– சிக்னே அக்கா, காலங்காத்தாலயே சண்டையா? நாளைக்கு மே பதினேழு, தேசிய தின ஊர்வலம். வாசிச்சுப் பார்க்கணும்.

– ஊர்வலம் கிடக்குது. உன் விக்டோரியா பிளம்ஸ் மரத்த எதுக்குடா வெட்டிச் சாய்ச்ச?

– என் மரம், என் கோடரி. உங்களோடதுதான் வெள்ளை வெளேர்னு பூத்து நிக்குதே!

– பூத்து என்ன? தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காதுடா இது. பேரும் பிரான்ஸ் ராணி பேரு, பவுசும் ராணி பவுசு. பழுத்தாலும் பச்சையாவே நிக்கும். தண்ணி தேங்கினா வாடும், வெயில் படுற சுவரோரமே வேணும். பக்கத்துல வேற ஜாதி பிளம்ஸ் கூடவே பூத்தாதான் காய்க்கும். இங்க இருந்தது உன்னோடது ஒண்ணுதான்.

– என்னோடதும் ராணி பேருதான். அது ஒத்தையில நின்னே கிளை ஒடியக் காய்ச்சுது.

– அதைத்தானே வெட்டின, பாவி! இந்த வருஷம் காய்க்கலைன்னா மரத்தை எடுத்துட்டு கார் நிறுத்த இடம் பண்ணிடுவேன்னு மகன் சொல்லிட்டான். நான் கன்னுல இருந்து வளர்த்த மரம்டா. அதை வெட்டுறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல.

– அழாதீங்கக்கா. ஃபெர்ரி பிடிச்சு மச்சான் தோட்டத்துக்குப் போறேன். பூத்த விக்டோரியாக் கிளையா வெட்டிட்டு வந்து, வாளித் தண்ணியில வச்சு உங்க மரத்துலயே தொங்கவிடுறேன். மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கும்.

– எப்போ, ஊர்வலம் முடிஞ்சா? சாயங்காலம் மழைங்கிறான் ரேடியோவுல. மழையில தேனீ வெளிய வருமா? கொட்ட ஆரம்பிச்சிருச்சுடா பூவு. இப்பவே கெளம்பு!

– போறேன், போறேன். டிரம்பெட்டையாவது உள்ள வைக்க விடுங்க.

– அதை இங்க குடு. நில்லு, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அப்படிக் காய்ச்ச மரத்தை எதுக்கு வெட்டின? ஜன்னல்ல இருந்து ஃபியோர்டு, அந்தக் கடல் கழி, தெரியணும்னுதானே? ஊரே சொல்லுது.

– ஃபியோர்டு மாடியில இருந்தே தெரியுதே.

– பின்ன?

– போன செப்டம்பர்ல நீங்க ஏணியோட விழுந்து, மயங்கி, இருட்டுற வரைக்கும் புல்லுல கிடந்தீங்களே... அன்னிக்கு முழுக்க நான் இந்தப் பக்கம் பழம் பறிச்சுக்கிட்டுதான்க்கா இருந்தேன். அந்த மரம் மறைச்சிருச்சு.