உப்பு தின்ற குழாய்

மார்கிட்: கொக்கியில சாவி இல்ல, கொட்டகையில வண்டியும் இல்ல. நீ என்னடான்னா சாவகாசமா காபி போட்டுக்கிட்டு இருக்கே.

இவார்: உக்காரு. உனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்.

மார்கிட்: அண்ணா, மணி ஏழு. எட்டுக்கு நான் எல்னா அம்மா வீட்டுல இருக்கணும். அவங்களுக்கு ஊசி போட்டாத்தான் சாப்பிடவே முடியும்...

இவார்: போட்டுடுவாங்க. ஆறரைக்கே உன் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன். நீ வீடு வீடாப் போய்க் கவனிச்சுக்கற பதினோரு பேரையும் இன்னிக்கு, நீ லீவு போட்டா வர்ற பிரிட்டா பாத்துக்கறாளாம்.

மார்கிட்: யாரைக் கேட்டுப் பண்ணினே?

இவார்: யாரையும் கேக்கல.

மார்கிட்: அம்பத்தெட்டு வயசாச்சு எனக்கு. நான் வேலைக்குப் போறதா வேண்டாமான்னு இன்னும் அண்ணன்தான் முடிவு பண்றான். வண்டி எங்க?

இவார்: ஹில்டிங் பட்டறையில. விடியறதுக்குள்ள லாரியைக் கொண்டுவந்து ஏத்திக்கிட்டுப் போனான்.

மார்கிட்: ஓடற வண்டியை எதுக்கு லாரியில ஏத்தணும்?

இவார்: ஓடும். நிக்காது. பால் ஊத்தட்டுமா?

மார்கிட்: என்ன சொல்றே நீ?

இவார்: நேத்து மத்தியானம் நீ தூங்கப் போயிட்டே இல்லையா... நான் கொட்டகையில வண்டிக்கு அடியில இருக்கற பள்ளத்துல இறங்கி உன் வண்டியோட அடிப்பாகத்தைக் கழுவிக்கிட்டு இருந்தேன்.

மார்கிட்: என் வண்டியையா? அதை நான்தான் வாரா வாரம் பெட்ரோல் பங்க்ல கழுவறேனே.

இவார்: கழுவறே, கழுவறே. கண்ணாடியைக் கழுவறே. உப்பு கண்ணாடியையா திங்குது?

மார்கிட்: ஆரம்பிச்சுட்டியா... இந்த ஊர்ல ஜனங்க பனிக்காலத்துல பனியைப் பத்திப் பேசுவாங்க. நீ ஒருத்தன்தான் பனி உருக ரோட்டுல கொட்டற உப்பைப் பத்திப் பேசறே.

இவார்: கேளு. பின் சக்கரத்துக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கு. இத்தனை நாள் நான் அதைக் கழட்டினதில்ல, அது என் தப்பு. நேத்து என்னமோ தோணுச்சு, கழட்டினேன். உள்ள ரெண்டு பிடி உப்புச் சேறு. வெந்நீரைப் பாய்ச்சி எல்லாத்தையும் இறக்கிட்டு, துணியால துடைச்சேன். எல்லா இடமும் காஞ்சுது, ஒரு இடம் மட்டும் காயல. ஒத்தி எடுத்தா திரும்பவும் ஈரம். விரல்ல தேச்சுப் பாத்தேன், தண்ணி மாதிரி இல்ல, வழவழன்னு நின்னுது.

மார்கிட்: எண்ணெயா?

இவார்: பிரேக் எண்ணெய். அது போற இரும்புக் குழாயைத் தடவினா துரு பொருக்குப் பொருக்கா உதிருது. நான் அதுக்கு மேல கையே வைக்கல.

மார்கிட்: நேத்தே என்னை எழுப்பிச் சொல்றதுக்கு என்ன?

இவார்: சொன்னா என்ன பண்ணுவே? இன்னிக்கு ஒரு நாள் மெதுவா ஓட்டிக்கிட்டுப் போய் வந்துடறேன்னு சொல்லுவே. சொல்லுவியா மாட்டியா?

மார்கிட்: சொல்லுவேன்.

இவார்: அதான் சாவியை என் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத் தூங்கினேன். இரு, போன் அடிக்குது... ஹில்டிங்தான். சொல்லுப்பா. ம். ம்... ரெண்டு பக்கமுமா? சரி. தரைத் தகடு எப்படி இருக்கு? நல்லாப் பாத்தியா? குத்திப் பாத்தியா? ம்... அதையும் கேக்கறேன். சரி, வெச்சுடறேன்.

மார்கிட்: என்னவாம்? வண்டி போச்சா?

இவார்: போகல. பின்பக்கக் குழாய் ரெண்டையும் மாத்தணும், அவ்வளவுதான். சாமான் வியாழக்கிழமை வருமாம். வண்டியோட தரைத் தகடு முழுசா இருக்காம், ஊசி குத்தற அளவுக்குக்கூட ஓட்டை இல்லையாம். பத்து வருஷம் இந்தக் கடலோர ரோட்டுல ஓடின வண்டின்னு நம்ப முடியலைன்னான். துருப்பிடிக்காம இருக்க இலையுதிர் காலத்துல அடியில அடிச்ச மெழுகு அப்படியே இருக்காம்.

மார்கிட்: நெஜமா அப்படிச் சொன்னானா?

இவார்: நெஜமா. இன்னொண்ணும் சொன்னான். பிரேக்கை மிதிச்சா கால் தரை வரைக்கும் போகுதாம். இது நேத்து ஆனதில்ல, ஒரு வாரமாவது இருக்கும், ஓட்டறவங்களுக்குத் தெரியாம இருக்காதுங்கறான், மார்கிட்.

மார்கிட்: தெரியும்.

இவார்: என்னைக்கிலேர்ந்து?

மார்கிட்: போன திங்கக்கிழமையே கொஞ்சம் மெத்துன்னு இருந்துது. குளிருக்கு அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன். வியாழக்கிழமை படகுத் துறை இறக்கத்துல மிதிச்சேன், பிடிக்கல. ரெண்டாவது தடவை மிதிச்சேன். அப்புறம் கியரைக் குறைச்சு, ஓரத்துப் பனிக் குவியல்ல கொண்டுபோய் விட்டேன். அதுல புதைஞ்சு நின்னுது. முன்னாடி யாரும் இல்ல.

இவார்: அதுக்கப்புறமும் ஓட்டினே.

மார்கிட்: மூணு நாள் ஓட்டினேன். இறக்கத்தை விட்டுட்டு சுத்து ரோட்டுல போனேன்.

இவார்: என்கிட்ட ஒரு வார்த்தை...

மார்கிட்: உன்கிட்ட சொன்னா ஹில்டிங்கிட்ட போகும். அவன் அடியில பாத்துட்டு, வண்டி துருப்பிடிச்சுப் போச்சு, தூக்கிப் போடுன்னு சொல்லிட்டான்னா? வண்டி இல்லாதவங்களை ஆபீஸ்ல டவுன் முதியோர் விடுதி வேலைக்கு மாத்திடறாங்க. எல்னா அம்மா புது ஆளுக்குக் கதவே திறக்க மாட்டாங்க. அவங்க பதினோரு பேரையும் விட்டுட்டு... அதான். இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் ஒரு தடவைகூட அடியில தண்ணி அடிக்கல. பங்க்ல அந்த வரிசையில நின்னா விரல் விறைச்சுப் போகுது. கழுவினேன் கழுவினேன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்.

இவார்: அது எனக்கு நவம்பர்லயே தெரியும். அதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே இறங்கினேன்.

மார்கிட்: தண்ணிச் சத்தம் கேக்கும். நீ உன் வண்டியைத்தான் குளிப்பாட்டறேன்னு நெனச்சேன்.

இவார்: ஏன் கப்பைக் கீழ வெச்சுட்டே?

மார்கிட்: காபி இருக்கட்டும். தரைத் தகடு முழுசா இருக்குன்னு சொன்னானா? இன்னொரு தடவை சொல்லு.

இவார்: முழுசா இருக்கு. இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்.

மார்கிட்: அப்பாடா... அந்த ரொட்டியை எடு. பசிக்குது. நாலு நாளா ஒழுங்கா சாப்பிடல.

இவார்: வெண்ணெய் தடவிக்கோ. நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு என் வண்டியை எடுத்துக்கோ. பேட்டரியை வாரா வாரம் சார்ஜ் போட்டுத்தான் வெச்சிருக்கேன்.

மார்கிட்: உன் வண்டியையா? போன வருஷம் அதுல என்னை பூட்ஸோட ஏற விடல நீ. சரி, வியாழக்கிழமை வரைக்கும் எடுத்துக்கறேன். அதுவரைக்கும் நீ எதுல போவே?

இவார்: வியாழக்கிழமைன்னு இல்ல, அதை நீயே வெச்சுக்கோ மார்கிட். அக்டோபர்ல கண் டாக்டர் என் லைசென்ஸை வாங்கிட்டார். ரோடு வழுக்குது, நீயே கூட்டிக்கிட்டுப் போன்னு உன்கிட்ட சொன்னதெல்லாம் சும்மா. நேர பாத்தா நடுவுல ஒண்ணுமே தெரியல, நேத்து அந்தக் குழாயைக்கூட நான் கண்ணால பாக்கல... கையாலதான் கண்டுபிடிச்சேன்.