ஊசி படாத பொம்மை

— எத்தினி நேரம் வாசப்படியிலயே நின்னுக்கினு இருப்ப லாத்தா? உள்ள வந்து பாயில குந்து. தங்கச்சி வூட்டுக்குள்ள வரதுக்கு உனுக்கு இன்னா இம்மாம் ரோசனை?

— ரோசனை ஒண்ணும் இல்ல ரோஷனு. என்னப் பாத்ததும் சல்மா ஓடிப் போயி ரூம்பு கதவுக்குப் பின்னால பூந்துக்கிச்சு. உள்ள வந்தா இன்னும் மெரளுமேன்னு பாத்தேன்.

— அது கெடக்குது. முட்டைக்காரரு வந்தாலும் அப்படித்தான் ஓடும். பஸ்ஸு நேரத்துக்கு வந்துச்சா?

— எமர்ஜென்சி ஆச்சே, டாண்ணு வந்துச்சு. கேளம்பாக்கத்துல ஏறினேன், கைய முந்தானைக்குள்ள வெச்சுக்கினு சன்னலோரமா குந்திக்கினேன். திருவிடந்தை வர வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல.

— கேட்டா கேக்கட்டுமே. நீ இன்னா திருடிக்கினா வந்த?

— அத வுடு. முட்டைக்காரரும் பெத்தவளும் அதுக்கு ஒண்ணா ஆயிட்டோம், பாத்தியா?

— பேஜாரு பண்ணாத லாத்தா. நீ செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவச்ச அதுக்கு மூணு வயசு. இப்ப இஸ்கூலுக்குப் போவுது. பெத்தவளா இருந்தாலும் கண்ணு பழவ வாணாமா?

— தப்பு சொல்லல ரோஷனு. அல்லாவோட கிருபை, புள்ள நல்லா கீது. ஓடச்ச தான் பாத்தேன். எண்ண வெச்சு, ரெட்டை சட போட்டு, ரிப்பன் கட்டி... பெத்தவ இல்லாத புள்ளைன்னு யாரும் சொல்ல முடியாது.

— கொடுவா கொழம்பு வெச்சிருக்கேன். சூடா கீது, நானே பெசஞ்சு குடுக்கறேன். நீ கைய வெக்காத.

— அப்பால துன்றேன். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இல்லாங்காட்டி சோறு எறங்காது. வந்ததுல இருந்து நீ என் மூஞ்சிய நேரா பாக்கல. எனுக்குத் தெரியும் உன் பயம் இன்னான்னு. சல்மாவ இட்டுக்கினு போவ நான் வரல.

— பின்ன எதுக்கு வந்த?

— பாக்கத் தான் வந்தேன். உன்னாண்ட ஒரு வார்த்த சொல்ல வந்தேன். நேத்து உங்க மச்சான் சைக்கிள் கடைய மூடிட்டு வந்து கேட்டாரு, ‘ஜெய்புன்னிசா, புள்ளய இட்டாந்துடேன், வூடு வூடா இருக்கும்’னு. நான் வாணாம்னுட்டேன்.

— வாணாம்னுட்டியா!

— கேளு ரோஷனு. வார்டுல எத்தினி பொம்பளைங்க அழுவாங்க தெரியுமா, வூட்ல புள்ள துன்னுச்சோ இல்லியோன்னு. நான் அதுக்காவ ஒரு நாளும் அழுவல. ‘என் தங்கச்சி பாத்துப்பா’ன்னு மாத்திரைய முழுங்கிட்டு படுத்துக்குவேன். நீ குடுத்த தூக்கம் அது. உன் வூட்டுக்காரரும் மவுத்தாயி நீ ஒத்தையா கீற. சல்மா உன்னாண்டயே இருக்கட்டும். உனுக்குக் குடுக்க என்னாண்ட வேற இன்னா கீது சொல்லு?

— மெதுவா பேசு. நடுவுல கதவு தான் கீது, செவுரு இல்ல.

— தூங்கிடுச்சு போல. சத்தமே காணோம்.

— அதுவா தூங்கும்! கதவு இடுக்கப் பாரு, ஒரு கண்ணு தெரியல?

— ஐய, ஆமா. நம்ம அத்தா கண்ணு, அப்படியே. சரி, வூட்ல பழசு கிழசு எதுனா கீதா ரோஷனு? கிழிஞ்ச கைலி, காலி தீப்பெட்டி, ஒடஞ்ச அகப்பை?

— எதுக்கு?

— பொம்மை செய்யத் தான். வெரலு இன்னும் மடங்கிடாம இருக்க அங்க பயிற்சி குடுப்பாங்க. சொம்மா நீட்டு, மடக்குன்னா யாரு செய்வா? அத்தொட்டு ஒரு நர்சம்மா எங்கள பொம்மை செய்ய வுட்டாங்க. நாங்க கட்டில்ல குந்தி ஆட்டுவோம், ஆஸ்பத்திரியில கீற புள்ளைங்க வெராண்டாவுல நின்னு பாக்கும். அப்பால அதுங்களே வந்து, ‘எங்களுக்கும் சொல்லிக் குடு’ன்னு குந்திக்குங்க.

— ஊசி பக்கமே நீ போவக் கூடாதுன்னு மச்சான் சொல்லிச்சே?

— இதுல ஊசியே கெடையாது. குத்தினா எனுக்குத் தெரியாது இல்ல, அதுக்குத் தான் தைக்காத பொம்மை. முடிச்சு போடறது, சோத்த நசுக்கி ஒட்டறது, அவ்ளோ தான். இதப் பாரு, உங்க மச்சான் பழைய சைக்கிள் டியூப வளையம் வளையமா வெட்டிக் குடுத்தாரு. நூலும் இதான், ஊசியும் இதான்.

— அப்ப வரச்சயே ரோசனை பண்ணிக்கினு தான் வந்துகீற. இந்தா கைலி. இந்தா தீப்பெட்டி, ரெண்டு குச்சி இருந்துச்சு, எடுத்துக்கினேன். அகப்பை, காம்பு பாதி தான் கீது.

— போதும் போதும். பாத்துக்கோ. தீப்பெட்டித் தட்ட நடுவுல கிழிச்சு மடிச்சா வாயி. மேல் ஒதட்டுல ஆள்காட்டி வெரலு, கீழ் ஒதட்டுல கட்ட வெரலு. துணிய மேல போத்தி, மணிக்கட்டுல டியூப மாட்டினா நழுவாது.

— மடங்கின ரெண்டு வெரலு?

— அது உள்ளயே இருக்கும். அதான் பொம்மைக்குத் தொப்ப. வார்டுலயே என் பொம்மைக்குத் தான் நல்ல தொப்பைன்னு பேரு. சிரி ரோஷனு, சிரிக்கலாம். நாங்களே சிரிப்போம்.

— எனுக்கு சிரிப்பு வரல லாத்தா.

— அப்ப இவரு பேசறதக் கேளு. ‘அஸ்ஸலாமு அலைக்கும்! நான் தீப்பெட்டி ராவுத்தரு! மகாபலிபுரத்துக்குக் கெளம்பினேன், மணல்ல நடந்து நடந்து வழி தப்பிட்டேன்! இந்த வூட்ல யாருனா கீறீங்களா?’

— அது பேசல. நீ தான் பேசற.

— லாத்தா! சல்மா பேசிடுச்சு!

— உஸ், ரோஷனு. ‘யாரது, கதவுக்குப் பின்னால? கதவே பேசுதா? நான் பேசலன்னு கண்டுபுடிச்சிட்டியே, கெட்டிக்காரக் கதவு தான்!’

— கதவு இல்ல, நான் சல்மா. உனுக்கு வாயி கோணலா கீது.

— ‘பசி! பசியில கோணிக்கிச்சு! துணைக்கு ஆளு வேற இல்ல. சல்மாம்மா, எனுக்கு ஒரு சோடி செஞ்சு குடேன். அகப்பை, துணி, டியூபு, கரித்துண்டு எல்லாம் கதவு இடுக்கால நீட்டட்டா?’

— எனுக்கு செய்யத் தெரியாது.

— ‘ராவுத்தரு சொல்லித் தரேன். கொட்டாங்கச்சி தான் மூஞ்சி. கரித்துண்டால கண்ணு வரை. கழுத்தாண்ட துணியச் சுத்தி டியூப மாட்டு.’

— டியூபு வழுக்கினு போவுது.

— ‘ரெண்டு சுத்தா சுத்திப் பாரு.’

— ஆங், நின்னுடுச்சு! இவ பேரு அகப்பை ராணி. கதவு இடுக்குல நீட்டிகீறேன், தெரியுதா?

— ‘தெரியுது தெரியுது! ஷோக்கா கீறாங்க ராணியம்மா. ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சிறுசு.’

— ஒரு கண்ணால ஒன்னப் பாக்கறா. இன்னொண்ணு தூங்குது. ராவுத்தரே, ராணி ஒண்ணு கேக்கணுமாம்.

— ‘கேக்கச் சொல்லு.’

— அந்தம்மா சல்மாவ சாச்சிக்குக் குடுத்துட்டேன்னு சொல்லிச்சே. சல்மா இன்னா குண்டானா, எடுத்துக் குடுக்கறதுக்கு?

— சல்மா! பெரியவங்க பேசறத ஒட்டுக் கேட்டுட்டு இன்னா வாயி இது!

— வுடு ரோஷனு. ராணி கேட்டது ஞாயம். ராவுத்தரு தான் பதிலு சொல்லணும்.

— சொல்லச் சொல்லு. ராணி நின்னுக்கினு கீறா.

— ‘ராணியம்மா, அந்தம்மாக்கு சல்மா மேல ஆசை இல்லாம இல்ல. ஆஸ்பத்திரியில வியாதிய தீத்துட்டாங்க, இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னும் சொல்லிட்டாங்க. ஆனா செத்துப் போன வெரலுக்கு உசுரு வராது. அந்தக் கையால சட பின்ன முடியாது. தெருவுல நாலு பேரு குஷ்டக்காரி வூடுன்னு சொல்லுவாங்க. சல்மா அங்க போனா, அவளாண்டயும் புள்ளைங்க ஆட வராது. இங்க இருந்தா நல்லா இருப்பான்னு தான், அந்தம்மா மனச கல்லாக்கிக்கினு...’

— ராவுத்தரே, உன் கொரலு எதுக்கு இப்படி ஆவுது?

— ‘பசி. சொன்னேனே, பசி.’

— சல்மாக்கு சட அவளே பின்னிக்கத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் கோணும். ராணிக்கு கம்மல் வோணுமாம்.

— கம்மலா? போட்டுடலாம். ரோஷனு, ஒடஞ்ச வளையல் எதுனா கீதா?

— மாடத்துல கீது. கண்ணாடி லாத்தா, பாத்து எடு.

— ரெண்டு துண்டு தானே, சோத்த வெச்சு ஒட்டிடறேன். ராணியம்மா, கொஞ்சம் முன்னால வா. ஆங், ஒரு காது ஆச்சு. சேப்புக் கம்மலு, கல்யாணப் பொண்ணு மாதிரி கீறா. இன்னொரு காதக் காட்டு.

— அம்மா!

— இன்னா சொன்ன?

— அம்மா, கையி! ரத்தம்! ராவுத்தரு துணியெல்லாம் ரத்தம்!

— எங்க? ஐயோ, ஆமா. எனுக்குத் தெரியவே இல்லியே...

— உனுக்குத் தெரியாது. கைய மேல தூக்கு. இன்னும் மேல. சாச்சி, தண்ணி கொண்டா! சுத்தத் துணி கொண்டா, சீக்கிரம்!

— தோ வரேன், தோ வரேன்.

— நீ தொடாத தாயி, ரத்தம் படும். தள்ளிக்கோ, அம்மா பாத்துக்கறேன்.

— நீ எப்படிப் பாப்ப? உனுக்குத் தான் வலிக்காதே. சொம்மா இரு. கண்ணாடி உள்ள பூந்துச்சான்னு பாக்கணும். ஒவ்வொரு வெரலா பாக்கணும், இடுக்குலயும் பாக்கணும். இங்க இல்ல. இங்க இல்ல. கட்ட வெரல்ல தான்.

— இதெல்லாம் யாருடி உனுக்கு சொல்லிக் குடுத்தது?

— சாச்சி தான். படுக்கச்ச சொல்லும். ‘உங்கம்மா கை தூங்கிக்கினு கீது, சுட்டாலும் குத்தினாலும் தெரியாது, வந்தா நாம தான் பாத்துக்கணும்’னு. என் கையத் தான் அம்மா கையின்னு வெச்சுப் பாப்போம். சாச்சி தண்ணி ஊத்தும், நான் தொடைப்பேன்.

— ரோஷனு...

— இன்னா என்ன அப்படிப் பாக்கற? மச்சானோட ஒரு தபா நானும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ நல்லா தூங்கிக்கினு இருந்த, எழுப்ப மனசு வரல. நர்சம்மாவாண்ட கேட்டேன், லாத்தா வூட்டுக்கு வந்தா நாங்க இன்னா செய்யணும்னு. அவங்க சொன்னத புள்ளையாண்ட சொன்னேன். இதுல இன்னா கீது?

— என்னாண்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ.

— உன்னாண்ட எதுக்கு சொல்லணும்? பாக்கப் போறது அது தானே. நகரு, துணிய நல்லா சுத்து சல்மா, தளர வுடாத.

— அப்ப எதுக்குத் தாயி என்னப் பாத்து ஓடின? கையப் பாத்து பயந்துட்டன்னு நெனச்சேனே.

— கையப் பாத்தா? கைக்கு இன்னா பயம்? மொதல்ல வெக்கமா இருந்துச்சு. வெளிய வரலாம்னு நெனச்சேன், அப்ப தான் நீ இங்கயே இருக்கட்டும்னு சொன்ன. கோவம் வந்துடுச்சு.

— அல்லா... நான் ஒரு மடச்சி.

— கட்டு இறுக்கமா கீதா? உனுக்குத் தெரியாது இல்ல, நானே பாக்கறேன். வெரலு நெறம் மாறல. சரியா கீது.

— போதும் தாயி, நல்லா கட்டிட்ட. அங்க பெரிய நர்சம்மா கட்டற மாதிரியே கீது.

— தெனம் பாக்கணும். காலையில ஒரு தபா, வெளக்கு வெக்கச்ச ஒரு தபா. கேளம்பாக்கத்துல ஒனக்கு யாரு பாப்பா? அத்தா கடைக்குப் போயிடும் இல்ல?

— அத்தா வந்து பாக்கும். இல்லாங்காட்டி நானே பாத்துக்குவேன்.

— நீ பாக்க மாட்ட. இப்பவே பாக்கலியே. நான் வரேன்.

— சல்மா, அப்படி சொல்லாத. உன் சாச்சி உன்ன எப்படி வளத்துச்சு! அத ஒத்தையா வுட்டுட்டு உன்ன எப்படி நான் இட்டுக்கினு போவேன்? எனுக்கு மனசு எப்படி வரும்? ரோஷனு, நீ ஒண்ணும் நெனச்சுக்காத. புள்ள எதோ ஆசைல சொல்லுது. வந்ததுல இருந்து உன் மூஞ்சியே சரியில்ல, எனுக்குப் புரியுது, உன்னாண்ட இருந்து நான் எதையும்...

— நிறுத்து லாத்தா. ஒனக்கு ஒண்ணும் புரியல. மூஞ்சியப் பாத்தா அழுதுடுவேன்னு தான் பாக்கல. சல்மா, அரிசிப் பானைக்குப் பின்னால ஒரு மூட்ட கீது பாரு. ஒன் பாவாடை, செலேட்டு, ரிப்பன் எல்லாம் அதுல கீது. எடுத்தாந்து ஒங்கம்மா பக்கத்துல வையி. லாத்தாவ வூட்டுக்கு அனுப்பறாங்கன்னு சேதி வந்த அன்னிக்கே கட்டி வெச்சிட்டேன்.