பழைய பிளாட்டரில் திறந்த இணைப்புகள்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவிலக்கம் எல்லாம் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது நாற்பத்தொன்று. ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் வருகிற, போகிற மின்னஞ்சல்களைப் பார்ப்பது என் வேலை. அங்கே எல்லோரும் என்னை மெயில் அக்கா என்பார்கள். இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான அளவுப்படம், வரைகிறவர் என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன். அவருக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான், அவரைப் பற்றி முதலாளியிடம் போய்ச் சொன்னதும் நான். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை. ஆசை காட்டத்தான் செய்தார்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் தொப்பியை மடித்துக் காலருக்குள் செருகிக்கொள்ளும்படி ஒரு மழைக்கோட்டு தயாரானது. அது கடைக்குப் போவதற்கு முன்பே, அதே வெட்டு, அதே மடிப்போடு வேறொரு கம்பெனிக்காரன் கோட்டு கடைகளில் தொங்கியது. முதலாளி அதில் ஒன்றை வாங்கி வந்து என் மேசை மேல் போட்டு, "வீட்டுக்குள்ளேயே திருடன் இருக்கான்ம்மா. வெளியே போன மெயிலை எல்லாம் தோண்டு" என்றார். நான் தோண்டினேன். அன்றிலிருந்து ஒருவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்றும், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்றும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். டீ கொண்டுவருகிறவரைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

அதன் பிறகு கட்டிங் செக்‌ஷன் கணினியிலிருந்து போன மூன்று மின்னஞ்சல்கள் கண்ணில் பட்டன. உள்ளே ஒரு வரிகூட இல்லை, இணைப்பு மட்டும் இருந்தது. போன முகவரியில் ஆள் பெயர் இல்லை, எண்ணும் எழுத்துமாக ஏதோ இருந்தது. இணைப்பை என் கணினியில் திறந்தபோது திரை முழுக்கக் கட்டம், கேள்விக்குறி, கொம்பு முளைத்த எழுத்துகள். வேறு இரண்டு கணினிகளில் திறந்து பார்த்தேன், அங்கேயும் அதே கூத்து. நல்ல காரியத்துக்கு அனுப்பியது என்றால் ஏன் இப்படிப் பூட்டி அனுப்ப வேண்டும் என்று எனக்குப் பட்டது. அனுப்பியவர் என் கொழுந்தன். மறுயோசனை இல்லாமல் நேராக முதலாளி அறைக்குப் போனேன். அவர் உங்களுக்குத் தகவல் கொடுத்தார்.

உங்கள் ஆட்கள் வந்தபோது கொழுந்தன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளை சார் கேட்டாரு, அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை சார் என்பது முதலாளியின் மகளைக் கட்டியவர், அலுவலகத்தில் முதலாளிக்கு அடுத்த நாற்காலி அவருடையது. அவர், "நானா? இவன் மூஞ்சியவே நான் சரியாப் பார்த்ததில்ல" என்றார். எல்லோரும் அவரைத்தான் நம்பினோம். நானும்தான் நம்பினேன். மாட்டிக்கொண்டவன் பெரிய இடத்தைக் காட்டுவது வழக்கம்தானே என்று நினைத்தேன். அன்று முதல் என் கணவர் என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

அதன் பிறகு மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அக்கா, அந்த அட்டாச்மென்ட் எந்த சிஸ்டத்துலயும் திறக்காதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. உங்க கொழுந்தனை வேலைய விட்டு மட்டும் அனுப்பிடுவோம், கேஸை மாமாகிட்ட சொல்லி நான் முடிச்சுடறேன். உங்க குடும்பம் ஏன் சந்தி சிரிக்கணும்?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு மனசு இளகத்தான் செய்தது. கொழுந்தன் வீட்டுக்கு வந்துவிடுவார், கணவர் பேசுவார் என்று ஆசையாக இருந்தது.

ஆனால் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்ததும் வேறு விதமாக அரித்தது. அந்த இணைப்பு திறந்தால் திருடன் இன்னும் நன்றாக மாட்டுவான். திறக்க வேண்டும் என்று தவிக்க வேண்டியவர் முதலாளி வீட்டு ஆள். அவரே ஏன் திறக்கக் கூடாது என்கிறார்? அதுவரை ஊரில் உள்ள எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், அந்த ஒருவரை மட்டும் எப்படி விட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு திரையில் வந்ததைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு கட்டிங் மாஸ்டரிடம் போய், இப்படிக் கொம்பு முளைத்த எழுத்தாக வருவது எதனால் என்று கேட்டேன். அவர் என் தாளைப் பார்த்துவிட்டு, "இது நம்ம பழைய பிளாட்டர் பாஷைம்மா. புது சிஸ்டத்துக்கு இது தலையும் புரியாது வாலும் புரியாது" என்றார். பிளாட்டர் என்பது பேட்டர்னை முழு அளவில் தாளில் பேனாவால் வரைந்து தரும் இயந்திரம். கணினிகளை மாற்றியபோது பழையதைக் கிடங்கில் துணிச் சுருள்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அதைத் துடைத்து, அதனோடு வந்த பழைய கணினியில் அந்த இணைப்பை ஏற்றினோம். கொஞ்சம் முனகிவிட்டு, பேனா ஓட ஆரம்பித்தது. தோள் வந்தது, கை வந்தது, கடைசியில் தொப்பி மடிப்பு வந்தது. எங்கள் மழைக்கோட்டுதான். கொழுந்தன் அனுப்பியது திருட்டுப் போன பேட்டர்னேதான் என்று ஆகிவிட்டது.

எங்கள் கட்டிங் செக்‌ஷனில் ஒரு பழக்கம் உண்டு. முன்பு ஒருமுறை தப்பான அளவில் ஒரு கட்டுத் துணி வெட்டப்பட்டு, ஆளுக்கு ஆள் கையை நீட்டிக்கொண்டார்கள். அதிலிருந்து எந்தத் துண்டு வரைந்தாலும், அளவுக்குப் பக்கத்தில் யார் சொல்லி வரைந்தது என்று எழுதாமல் யாரும் விடுவதில்லை. பேனா கடைசியாக முதுகுத் துண்டின் நடுவில் எழுதியது: "மாப்பிள்ளை சார் சொன்னபடி. அவர் வீட்டு பழைய மிஷினுக்கு." மூன்று இணைப்பிலும் அதே வரி. கொழுந்தன் எதையும் பூட்டவில்லை. கேட்டவரிடம் இருந்த இயந்திரம் பழையது, அதற்குப் புரிகிற மாதிரி அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். அங்கிருந்து அது வேறு கம்பெனிக்காரனிடம் எப்படிப் போனது என்று மாப்பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தாள்களை நான் ஆதாரமாக இங்கே கொண்டுவரவில்லை. நானே எழுதிக்கொண்டு வந்ததாகச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். அதனால் உங்களிடம் வந்து, நீங்கள் எடுத்து முத்திரை வைத்திருந்த பிரதியை அதே பிளாட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நீங்களும் மாஸ்டரும் பக்கத்தில் நிற்க அது மறுபடி வரைந்தது. அதே வரி வந்ததை நீங்களே பார்த்தீர்கள். உங்கள் முன் வரைந்த அந்தத் தாள்களைத் தயவுசெய்து யார் கேட்டாலும் இரவல் கொடுக்க வேண்டாம்.

கொழுந்தன் என்ற உறவுக்காக இப்போது மாற்றிச் சொல்கிறாயா என்று அதிகாரி கேட்டதற்கு என் பதில்: வேறு யார் பெயர் அந்த மின்னஞ்சலில் இருந்திருந்தாலும், முதலாளி அறைக்குப் போகும் முன் ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு, "என்னப்பா இது?" என்று கேட்டிருப்பேன். கொழுந்தனைக் கேட்கவில்லை. சொந்தக்காரனை மூடி மறைத்தாள் என்று என்னை ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்று ஓடினேன். உறவுக்காக நான் செய்தது அது ஒன்றுதான். இன்று சொல்வது பிளாட்டர் வரைந்ததை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நானும் ஒருமுறை வாங்கி, ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)