பச்சை மையில் ஒரு பொய்

மேடையில் இருக்கும் துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, துறைத்தலைவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் மடலக்காவின் கணவரே, மகளே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் ஓட்டுநர்களே, நூலகத் தோழர்களே, ஆய்வக உதவியாளர்களே, வகுப்பை விட்டு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் எல்லாருக்கும் வணக்கம் சொல்லத்தான் எழுந்தேன். அக்காவின் இரங்கல் கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இந்தப் பல்கலைக்கழகத்தின் துணைப் பதிவாளர். பத்தொன்பது வருடம் மடலக்காவின் அறையில், அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவன். எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஓர் அலமாரி, ஒரு மின்விசிறி. அந்த விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்று பத்தொன்பது வருடமும் சண்டை. கடந்த பன்னிரண்டு நாளாக அது என் பக்கமே நிற்கிறது. எனக்கு அந்தக் காற்று வேண்டாம் ஐயா! வேண்டவே வேண்டாம்!

வளாக மடலின் பொறுப்பாசிரியர் என்பது அவருடைய பதவி. மடலக்கா என்பது நாம் வைத்த பெயர். எண்ணூறு மாணவர்களும் நூற்றிருபது ஊழியர்களும் உள்ள சின்னப் பல்கலைக்கழகம் இது. ஒரு முனையில் தும்மினால் மறு முனையில் கேட்கும். இங்கே எதற்குச் செய்தி மடல் என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை, நான்கு பக்கம். யாருக்குப் பதவி உயர்வு, யார் வீட்டில் குழந்தை, யார் ஓய்வு பெறுகிறார், யார் மறைந்தார். கடைசிப் பக்கத்தில் 'தலைமை அறிவிப்புகள்'. எந்த நாற்காலிக்கு யார் வருகிறார், எந்தத் துறை எதோடு இணைகிறது என்பதெல்லாம் அங்கே. நம்மில் பாதிப்பேர் மடலைப் பின்பக்கத்திலிருந்துதான் படிப்போம். மறுக்க முடியுமா?

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிழை திருத்தும் தாளில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பச்சை மையில் ஒரு குறி போடுவார். அந்த மனிதரை நேரில் பார்த்து, செய்தியைச் சொல்லியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். குறி இல்லாத பெயர் அச்சுக்குப் போகாது. அச்சகக்காரருக்கே அது பழகிவிட்டது. ஒரு குறி குறைந்தாலும் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவார்.

"ஃபோன்ல சொன்னா ஆகாதா அக்கா?" என்று கேட்டேன். "ஃபோன்ல முகம் தெரியுமா தம்பி?" என்றார். அவ்வளவுதான். வியாழக்கிழமை காலையில் தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினால், வளாகம் முழுவதும் நடந்துவிட்டு மூன்று மணிக்குத்தான் வருவார். செருப்பு வருடத்துக்கு இரண்டு ஜோடி தேயும்.

வேதியியல் ஆய்வக உதவியாளர் ஒருவர் அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருக்குப் பதவி உயர்வு வந்த வியாழக்கிழமை, மனிதர் கைகழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா குனிந்து, "உங்களுக்கு முதுநிலை உதவியாளர் போட்டுட்டாங்கப்பா" என்றார். இவர் சந்தோஷத்தில் சடாரென்று எழுந்தார். தொட்டி அசையவில்லை! பதவி உயர்வும் தலையில் வீக்கமும் ஒரே நிமிடத்தில் வந்தன. பாருங்கள், இப்போதும் தலையைத் தடவிக்கொள்கிறார். அழாதீர்கள் ஐயா. நீங்கள் அழுதால் நான் பேச முடியாது.

முன்பிருந்த ஒரு துணைவேந்தர், ஒவ்வொரு வாரமும் முதல் பக்கத்தில் தன் புகைப்படம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த வாரம் தோட்டத் தொழிலாளி ஒருவர் முப்பத்தொரு வருட வேலைக்குப் பிறகு ஓய்வு பெற்றார். அக்கா நேரே துணைவேந்தர் அறைக்குப் போனார். "சார், உங்க முகம் எல்லாருக்கும் மனப்பாடம். இவர் முகத்த இந்த வாரம் விட்டா அப்புறம் எப்போ போடறது?" என்று கேட்டார். நான் வெளியே நின்று கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் வந்தது தோட்டக்காரர் முகம்தான்.

சிரித்தது போதும். இன்னொன்று சொல்கிறேன்.

ஒருமுறை தலைமை அறிவிப்புகளில் ஒரே ஒரு வரி வந்தது. 'வரலாற்றுத் துறைக்குப் புதிய தலைவர் நியமனம்.' புதியவருக்கு விஷயம் தெரியும். பூங்கொத்தே வாங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் தாளை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "என்னக்கா?" என்றேன். "புதுசா ஒருத்தர் வர்றார்னு எழுதியிருக்கோம். அப்ப பழையவர் போறார்னுதானே அர்த்தம்? அவர்கிட்ட யாராவது சொன்னாங்களா?" என்றார்.

யாரும் சொல்லியிருக்கவில்லை! ஒன்பது வருடம் அந்தத் துறையைத் தோளில் சுமந்த மனிதரிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை! அவருடைய பெயர் அந்த வரியில் இல்லாததால் அவரை யாரும் நினைக்கவில்லை. அக்கா போனார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வந்தார். "சொல்லிட்டேன் தம்பி. அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். எனக்கு வகுப்பாவது இருக்கான்னு. பதிலோட வர்றேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ பதிவாளர்கிட்ட போய்க் கேட்டுட்டு வா" என்றார். நான் ஓடினேன். அவர் இன்றும் வாரத்துக்கு ஆறு வகுப்பு எடுக்கிறார்.

அப்பேர்ப்பட்ட அக்காவுக்கு நாம் என்ன செய்தோம்? நாம் என்று சொல்லி நழுவ மாட்டேன். நான் என்ன செய்தேன்?

ஐந்து வாரத்துக்கு முன்னால் நிர்வாகக் குழு ஒரு முடிவு எடுத்தது. அச்சு மடல் நிறுத்தப்படும், இனி எல்லாம் மின்னஞ்சலில் வரும், அதற்குப் புதிய இயக்குநர் ஒருவர் பொறுப்பேற்பார், இதுவரை இருந்த பொறுப்பாசிரியர் அடுத்த மாதக் கடைசியில் மாணவர் சேர்க்கைப் பிரிவுக்கு மாற்றப்படுவார். அந்த வாரம் அக்கா இரண்டு நாள் விடுப்பு. இதயப் பரிசோதனைக்காக மருத்துவமனையில் இருந்தார். மடலை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். "குறி போட மறந்துடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் நடந்தேன். வியாழக்கிழமை வளாகம் முழுவதும் நடந்தேன். பத்துப் பெயர், பத்துக் குறி. பதினோராவது பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அக்காவின் பெயர்.

பதிவாளர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். துணைவேந்தர் சொல்லியிருப்பார் என்று பதிவாளர் நினைத்தாராம். ஒரே அறையில் இருப்பவன் சொல்லாமலா இருப்பான் என்று துணைவேந்தர் நினைத்தாராம். மேடையில் இருப்பவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே சொல்லட்டும். என் பங்கு இது. நாலு மணிக்கு அச்சகக்காரர் கூப்பிட்டார். "சார், கடைசிப் பக்கத்துல ஒரு பேருக்குக் குறி இல்லையே?" என்றார். மருத்துவமனை இங்கிருந்து பதினைந்து நிமிடம். என்னிடம் வண்டி இருந்தது. நேரம் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, 'அக்கா, உங்க மடல் முடிஞ்சுபோச்சு' என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பயந்துவிட்டேன். அவருடைய மேசையிலிருந்து அவருடைய பேனாவையே எடுத்து, அவருடைய பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் குறி போட்டு அனுப்பினேன்.

ஆம், நான்தான் போட்டேன்!

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே மடலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நான் கணினித் திரையைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, "தேதி தப்பு தம்பி. கூட்டம் நடந்தது பத்தொன்பதாம் தேதி. பதினெட்டுனு வந்திருக்கு" என்றார். பிறகு கோப்பிலிருந்த பிழை திருத்தும் தாளை எடுத்துப் பார்த்தார். "இந்தக் குறி யார் போட்டது?" என்று கேட்டார். "நான்தான்கா" என்றேன். "ம்" என்றார். மேசையில் திறந்தே கிடந்த பச்சைப் பேனாவை மூடி வைத்தார். தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் ஓட்டுநர்கள் நாலு பேர் கொதித்துப்போய் அறைக்குள் வந்தார்கள். "உங்களுக்கே சொல்லாம போட்டுட்டாங்களாக்கா? விடுங்க, நாங்க போய்க் கேக்கறோம்" என்றார்கள். அக்கா அவர்களை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லாமலா? தம்பி முன்னாடியே வந்து சொல்லிட்டானேப்பா. பாருங்க, குறிகூட இருக்கு" என்றார்.

இருபத்தாறு வருடம் ஒரு பொய்யான வரியைக்கூட அச்சேற விடாத பெண்மணி! எனக்காகத் தன் வாயால் பொய் சொன்னார்! அந்த நாலு பேரும் இங்கே இருக்கிறீர்கள். அன்று போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். தட்டிய இடம் இன்னும் எரிகிறது.

மூன்று வாரம் இருந்தது எனக்கு. ஒரே அறையில் மூன்று வாரம்! புதிய இயக்குநரைக் கூட்டிக்கொண்டு அக்கா வளாகமெல்லாம் நடந்தார். எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், யாரிடம் நல்ல செய்தியையும் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் மதியம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். வாசலைத் திறந்தே வைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசிறிய உங்க பக்கம் திருப்பட்டுமாக்கா?" என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தத் திங்கட்கிழமை அக்கா பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். பிடி இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது. "எல்லாரும் அவள மறந்தப்ப நீங்க ஒருத்தராவது நேர்ல சொன்னீங்களே தம்பி. வீட்ல வந்து அவளே சொன்னா. அத நான் மறக்க மாட்டேன்" என்றார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான். இப்படி ஒருவன் இருப்பானா? இருக்கிறேன், உங்கள் முன்னால் நிற்கிறேன்.

இதை முதல்முறையாக இந்த மேடையில் சொல்லவில்லை. இந்தச் செய்தியை அக்காவின் கணவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்கக் கூடாது. அதனால் இன்று காலை ஏழு மணிக்கே அவர் வீட்டுக்குப் போனேன். கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறை வாசலில் நின்று மகளும் கேட்டார். செவிலியர் அவர். "அம்மாவுக்கு ரெண்டு வருஷமாவே இதயம் சரியில்ல மாமா. அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க" என்றார். தாயைப் பறிகொடுத்த பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது!

அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துணியையும் ஓரம் பார்த்து மடித்து வைத்தார். பிறகு, "அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் தம்பி? அவகிட்டதானே சொல்லணும்" என்றார். குரலில் கோபம் இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு என் வண்டியிலேயே ஏறி இங்கே வந்தார்.

பெரியோர்களே! துயரத்தோடு வந்திருக்கும் சொந்தங்களே! இரங்கல் கூட்டத்தில் உறுதி எடுப்பது வழக்கம். நானும் எடுக்கிறேன். மடல் தாளில் வரட்டும், மின்னஞ்சலில் வரட்டும். இந்த வளாகத்தில் எந்த மனிதரும் தன்னைப் பற்றிய செய்தியை ஊரோடு சேர்ந்து படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நேரில் போய்ச் சொல்லாத எந்த அறிவிப்பிலும் என் கையெழுத்து விழாது. அவசரம் என்பார்கள், மேலிடத்து உத்தரவு என்பார்கள். சொல்லட்டும்! நடந்து போய்ச் சொல்லிவிட்டு வரும்வரை அந்த அறிவிப்பு என் மேசையில் கிடக்கும். நான் தவறினால் என் அறைக்கு வந்து என்னைக் கேளுங்கள். ஓட்டுநர் தோழர்களே, இந்த முறை தோளைத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்.

துணைவேந்தர் அவர்களே, இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். சபைக்கு முதுகைக் காட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் படம் எனக்குப் பின்னால் இருக்கிறது. மாமா, நீங்களும் கேளுங்கள்.

அக்கா.

வேலையா இருக்கீங்களா? கொஞ்சம் உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும். நல்ல விஷயம் இல்லக்கா. நிர்வாகக் குழுல முடிவு பண்ணிட்டாங்க. மடல் அச்சடிக்கறத நிறுத்தறாங்க. உங்கள சேர்க்கைப் பிரிவுக்கு மாத்தறாங்க. இருபத்தாறு வருஷம் நீங்க பாத்த வேலைய வேற ஒருத்தர் பாக்கப்போறாங்க. வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கத்துல வரும். அதுக்கு முன்னாடி நான் வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்கா. உங்க முகத்தப் பாக்க பயந்துட்டேன்.

இப்ப பாத்துட்டுதான் நிக்கறேன். கோபம் வந்தா திட்டுங்கக்கா. எவ்வளவு நேரமானாலும் சரி, நான் எங்கயும் போகல.